போடாத குத்து

அவள் வலது கையை வீசினாள். மெதுவாகத்தான்.

கிரேசி இமைக்கவில்லை.

கையுறை இடது கன்னத்தை உரசிய பிறகுதான் கிரேசியின் தலை திடுக்கிட்டு விலகியது.

எவ்வளவு பெரிய வீராங்கனையாக இருந்தாலும் முகத்துக்கு நேரே கை வந்தால் இமை அடித்துக்கொள்ளும். அதைப் பழக்கி நிறுத்த முடியாது.

இன்னொரு முறை, அடிக்காமல், வலது கையைச் சும்மா காட்டினாள்.

ஒன்றுமில்லை.

இடது கையைக் காட்டினாள். கண் சட்டென்று இமைத்தது. கிரேசியின் கை மேலேறி முகத்தை மறைத்தது.

கிரேசிக்கு இடது கண் தெரியவில்லை.

கயிற்றுக்கு வெளியே குணாளன் மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சனிக்கிழமை கிரேசிக்குப் பட்டத்துக்கான குத்துச்சண்டை. எதிரே வருபவள் ஹரியானாக்காரி. அந்த ஹரியானாக்காரியின் வலது கையைப் பற்றித்தான் எங்கே பார்த்தாலும் பேச்சு. அதற்குக் கிரேசியைப் பழக்க, வலது கை நன்றாக வரும் ஒருத்தி மாஸ்டருக்கு வேண்டியிருந்தது. அவளைக் கூப்பிட்டார்; மறுபேச்சில்லாமல் வந்துவிட்டாள்.

அவள் வந்தது வேறு காரணத்துக்காக.

போன வருஷம், இதே ரிங்கில், ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டை. அவளுக்கு ரயில்வே வேலைக்கான விளையாட்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கிரேசி கையுறையோடு கையுறை தட்டி, "சும்மா டச்சுதான்க்கா," என்றாள். அவள் நம்பினாள். தாடையைத் தளர்த்திக்கொண்டு நின்றாள். அன்று சண்டைக்கு ஆள் எடுக்கும் ஒரு புரமோட்டர் வேடிக்கை பார்க்க வந்திருந்தது அவளுக்குத் தெரியாது. கிரேசிக்குத் தெரியும்.

முழுக் குத்து.

அந்தக் குத்தைப் பார்த்துத்தான் அவர் கிரேசியைத் தொழில்முறைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டார். உடைந்த தாடைக்குக் கம்பி கட்டிக்கொண்டு அவள் ஸ்ட்ராவில் கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ரயில்வே தேர்வு முடிந்துபோனது. ஆஸ்பத்திரிக்கு வந்த கிரேசி, "ஸ்பாரிங்னா அடி படத்தான்க்கா செய்யும்," என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்த ஆப்பிளைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆப்பிள். கம்பி கட்டிய வாய்க்கு.

இப்போது கிரேசியின் நல்ல கண் அவளையே பார்த்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. கிரேசி மிக லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம், சொல்லிவிடாதே.

சண்டைக்கு முன் நடக்கும் பரிசோதனையில் டாக்டரிடம் எப்படித் தப்பித்தாளோ. எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்திருப்பாள்.

கிரேசியின் இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரே ஒரு வலது கை போதும். இதற்காகத்தான் இத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்து வயிற்றெரிச்சல் மொத்தமும் முழங்கைக்கு வந்து சேர்ந்தது.

அடித்தால்?

கிரேசி விழுவாள். தலைக்கவசம் இருக்கிறது, மெத்தென்ற பெரிய கையுறை, பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மாஸ்டர் ஓடி வருவார். இவ்வளவு பெரிய குத்து எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பார். கண்ணில் டார்ச் அடிப்பார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பார். சனிக்கிழமைச் சண்டை நின்றுபோகும்.

கண் பிழைத்துக்கொள்ளும்.

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த நல்ல கண்ணுக்கு நேராகவே நகர்ந்து நகர்ந்து நின்றாள். இடது கையை மட்டும், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல, பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். கிரேசி ஒவ்வொன்றையும் அழகாகத் தடுத்தாள். திருப்பி அடித்தாள். அவளுக்கு உதடு கிழிந்தது.

சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

"ரைட்டு போடும்மா! ரைட்டுக்குத்தான உன்னக் கூப்ட்டேன்!" மாஸ்டர் கத்தினார்.

போட்டாள். தோளை நன்றாகச் சுழற்றி, இதோ வருகிறது என்று காட்டிவிட்டுப் போட்டாள். நல்ல கண் தோளைப் பார்த்துக்கொண்டது. கிரேசி குனிந்தாள். குத்து காற்றில் போனது.

"சபாஷ்!" என்றார் மாஸ்டர்.

மணி அடித்தது.

குணாளன் மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்குப் போகிறவளிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே மாட்டார். கால் ஒடிந்திருந்தாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். எதிரே நின்று அடித்தவளைத்தான் கேட்பார். அவள் வாயில் வருவதுதான் முடிவு. அந்தக் கூடத்தில் எத்தனையோ சண்டைகள் அப்படி நின்றிருக்கின்றன.

"இன்னாம்மா, எப்டி கீறா? அனுப்லாமா?"

அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்ணு பயங்கர ஷார்ப்பு மாஸ்டர். தாராளமா அனுப்புங்க."

மாஸ்டர் முகம் மலர்ந்தது. போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

கிரேசி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என்னக் காப்பாத்திட்டக்கா. நான் உனக்குப் பண்ணதுக்கு, வேற யாராச்சும்னா..."

முடிக்க முடியாமல் அழுதாள். பார்வை தெரியாத கண்ணும் சேர்ந்து அழுதது.

அதைப் பார்த்தபோது அவள் கண் ஒரு கணம் மாஸ்டரைத் தேடியது. மாஸ்டர் இன்னும் வாசலில்தான் நின்றார். ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவார்.

சனிக்கிழமை தலைக்கவசம் கிடையாது. கையுறையும் இதில் பாதி கனம்தான்.

அவள் கிரேசியின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாஸ்டர்! சனிக்கெழம எனக்கும் ஒரு டிக்கெட்டு வைங்க. முன் வரிசையில."

கிரேசி அவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.