முஷ்டி

கையில் இரண்டு ராஜா. போக்கர் மேசையில் எல்லாருக்கும் பொதுவாக மல்லாந்து கிடந்த நான்கு சீட்டுகளும் ராஜாவுக்குக் கீழேதான். இன்னும் ஒரே ஒரு சீட்டு விழ வேண்டும். போன ஞாயிறும் எட்வினுக்கு இதே ராஜாக்கள்தான் வந்தன. அன்று பலத்தை மறைக்க, பணம் கட்டாமல் விரலால் மேசையைத் தட்டினான். சும்மா வந்த கடைசிச் சீட்டில், பணம் கட்டியிருந்தால் பயந்து விலகியிருக்கக்கூடிய அக்காள் புருஷன் ஜெபசிங் ஜெயித்துவிட்டார். இன்று விடுவதாக இல்லை. எல்லாவற்றையும் கட்டிவிடலாமென்று பைக்குள் கைவிட்டு வண்டிச் சாவியைப் பற்றினான்.

“என்னல யோசிக்க?” என்றார் ஜெபசிங். “பொண்ணக் கட்டிக்குடுக்கவே மூணு வருசம் யோசிச்ச மனுசன் மவன்தான நீ?”

“எங்கப்பா இன்னும் யோசிச்சிருக்கணும்!” எட்வினின் முஷ்டி மேசையில் இடியாக விழுந்தது. டீ கிளாஸ்கள் துள்ளின.

ஜெபசிங் சிரித்தார். “தட்டிட்டான். கட்டல.”

“அது கோவத்துல அடிச்சது அத்தான்!”

“எதுல அடிச்சா என்ன? மேசயத் தட்டுனா கட்டலன்னு அர்த்தம். ஒன் வீடு, நீ வச்ச சட்டம்.” சுண்டுவிரல் நகத்தால் மெதுவாகத் தட்டினார். “நானும் கட்டல. ரூபன், சீட்டப் போடு.”

சீட்டுப் போடும் ரூபன் கடைசிச் சீட்டை நீட்டினான். அதை வைக்க வேண்டிய இடத்தில் முஷ்டி இருந்தது.

“கைய எடுண்ணே.”

எட்வின் எடுக்கவில்லை. பைக்குள் இன்னொரு கையில் சாவி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டிருந்தது.