மழைநாள் கசிவு

மின்சாரம் தாக்கி இறந்த கணவனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மங்கையர்க்கரசி அவன் வேலை பார்த்த உயர் மின்னழுத்தச் சோதனைக்கூடத்துக்கு வந்தாள். விபத்து நடந்த அன்றைய மின்னோட்டம் கோடாகப் பதிந்திருந்த கட்டம்போட்ட காகிதச்சுருளைப் பொறியாளர் தேவசகாயம் விரித்தார்.

“இதுல அவரு எங்க சார்?”

நேராக ஓடிய கோடு மேடாக எழுந்திருந்த இடத்தைக் காட்டினார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

ஒருவர் கருவியருகே நின்றால், இன்னொருவர் மீட்டரைப் பார்த்தபடி சுவிட்சில் கைவைத்திருக்க வேண்டும். அன்று மீட்டர் முன்னால் இருந்தவர் தேவசகாயம்தான். மழை நாளில் ஈரக்காற்றில் மின்சாரம் கசிந்து முள் ஏறும். இதுவும் அதுதான் என்று சுவிட்சை அணைக்காமல் இருந்துவிட்டார்.

“ஒரு கட்டம் எவ்வளவு நேரம் சார்?”

“ஒரு செகண்டும்மா.”

மேடு தொடங்கிய இடத்தில் விரல் வைத்து அவள் எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை ஏழைத் தாண்டியும் விரல் நகர்ந்துகொண்டிருந்தது.