பென்சில் கார்டு

“இந்த ராஜா செத்து, அவர் பையனும் செத்து, இப்பப் பேரன் ஆண்டுக்கிட்டிருக்கான். உன் புருஷன் போன மாசம் போட்ட கார்டு ஸ்டாம்புல தாத்தா தலை எப்படிம்மா வந்துச்சு?”

லென்ஸ்காரர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் அவள் பதறிப்போய் உள்ளறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைப்பது. லீவு நாளில் முன்னறையில் பழைய தபால் கார்டு வியாபாரம். செருப்புப் பெட்டிகளில் பாலம், கப்பல், தொப்பி வைத்த சீமாட்டி என்று பிரித்து வைத்திருப்பாள். ஸ்டாம்பை லென்ஸ் வைத்துப் பார்த்து வாங்கி, கட்டுக்கட்டாக அவளுக்குக் கார்டு கொண்டுவந்து போடுகிறவர் லென்ஸ்காரர். ஜன்னலோர நாற்காலியில் ஒன்று தனியாகக் கிடக்க, விற்பதற்கு வைத்ததென்று கையில் எடுத்தார். எடுத்தது வினையாகிவிட்டது.

‘அன்புள்ள அம்மா, நலமாக இருக்கிறேன். கப்பல் நாளை கிளம்புகிறது’ என்று பின்பக்கம் புத்தம்புது மை; மேலே போன மாதத் தேதி, கீழே அவள் புருஷன் பெயர்.

“பென்சில்ல எழுதின கார்டை நாய்கூட மோந்து பார்க்காது. நீ மட்டும் ‘பென்சில் இருக்கா, தேதி கலைஞ்சது இருக்கா’ன்னு பொறுக்கிப் பொறுக்கி எடுப்ப. சரி, பாவம், விவரம் பத்தலைன்னு நினைச்சேன். அழிச்சுட்டு மேல எழுதறியா?”

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

“அவன் எங்க?”

“அவர் இல்லைங்க ஐயா.”

“இல்லைன்னா?”

அவள் கார்டுப் பெட்டியை இழுத்து மூடினாள்.

“கடல் கொண்டுபோயிடுச்சா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“அத்தைகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க ஐயா. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“தப்பும்மா. பெத்தவ அழுது தீர்க்க வேண்டாமா? என் பையன் போனதை, இதயம் தாங்காதுன்னு என்கிட்டயும் ரொம்ப நாள் மறைச்சாங்க. தெரியாம நான் சீட்டாடினேன், ஜோக் அடிச்சேன், கல்யாண வீட்ல பந்திக்கு முந்தினேன். அப்ப சிரிச்ச சிரிப்பெல்லாம் இன்னும் தொண்டையில நிக்குது. அந்தக் கொடுமை அந்தம்மாவுக்கு வேண்டாம். நகரு, நானே பக்குவமாச் சொல்றேன்.”

அவள் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். மணிக்கட்டு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்த கை. மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். ஸ்டாம்பின் ஓரத்தில் ஒரு பல் குறைந்தாலும் பிடித்துவிடுகிற மனிதருக்கு, அந்த வீட்டில் மாடியே இல்லை என்பது உறைக்கவில்லை.

“யாரும்மா அங்க?” உள்ளேயிருந்து ஈனக் குரல். “தபாலா? என் பையன் போட்டானா?”

லென்ஸ்காரர் அவள் கையை விலக்கிவிட்டு உள்ளே போனார். கட்டிலில் கிழவி பஞ்சு மாதிரிக் கிடந்தாள். கண்கள் எங்கேயோ பார்த்தன. ஆள் நிற்காத பக்கமாகக் கையை நீட்டினாள்.

“அம்மா, உங்க கிட்ட ஒண்ணு...”

“தபால்காரத் தம்பியா? சாமி மாதிரி வந்த. படிப்பா. இவ அவசர அவசரமாப் படிச்சுட்டுப் போயிடறா. குடிக்கிற கஞ்சி இறங்கறதே அவன் எழுதற ரெண்டு வரியிலதான்.”

சொல்லத் திறந்த வாயை லென்ஸ்காரர் மூடினார். மறுபடி திறந்தபோது அவர் படிக்கத்தான் செய்தார். இரண்டு வரி முடிந்த பிறகும் படித்துக்கொண்டே போனார்.

“‘இங்க குளிர் ஜாஸ்தி. ஸ்வெட்டர் போட்டுக்கறேன். நீ மருந்தை விட்டுடாதே.’”

“ஸ்வெட்டரா? நான் சொன்னாக் கேக்கவே மாட்டானே.”

“இப்பக் கேக்கறான்மா.”

“எப்ப வருவானாம்?”

“கப்பல் வேலையில்லையா... உறுதியாச் சொல்ல முடியாதாம்.”

கிழவி கார்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். லென்ஸ்காரர் வெளியே வந்து, லென்ஸைத் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்தார்.

“நீ செய்யறதுதான் சரிம்மா. நான்தான் மடையன்.” பெட்டிகள் பக்கம் திரும்பினார். “ஆனா இந்தக் கார்டு உதவாது. விஷயம் தெரிஞ்சவன் ஒருத்தன் பார்த்தா மானம் போயிடும். ஒவ்வொரு துறைமுகத்துலயும் எனக்குக் கூட்டாளிங்க இருக்காங்க. நீ எழுதிக் குடு, அவங்களுக்கு அனுப்பறேன். இப்ப ஆள்ற ராஜா தலையோட, நடப்புத் தேதி முத்திரையோட, உன் வீட்டு விலாசத்துக்கே ஒண்ணொண்ணா வரும்.”

“உங்களுக்கு எதுக்கு ஐயா இவ்வளவு சிரமம்?”

“என் பையனுக்குச் செஞ்சதா இருக்கட்டும்.”

செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு போனார். அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

கிழவி விடுவிடுவென்று நடந்து வந்து, ஜன்னல் திரையை விரலால் விலக்கி, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள்.

“நல்ல மனுஷன். இனிமே போலீஸ் ஸ்டேஷன்காரன் எத்தனை தடவை வந்து விசாரிச்சாலும் தைரியமா எடுத்துக் காட்டலாம்,” என்றாள் மருமகளிடம். “நீ போய்ப் பின்கட்டுல, துணி காயப்போடற இடத்துல இன்னும் ரெண்டு கூடை மண்ணைக் கொட்டி நல்லா மிதிச்சு விடு, உயிரோட இருந்தப்பவே நான் பெத்தது ஒரு இடத்துல அடங்கிக் கிடந்ததில்லை.”