கடைசி வளைவின் குற்றம்

"குத்தமே இல்லைன்னு சொல்றதுக்கா தம்பி, காலையில இருந்து மண்டி போட்டுத் தடவிக்கிட்டு இருக்கீங்க?"

பெரியவரின் குரல் காலியாகக் கிடந்த சைக்கிள் பந்தய அரங்கைச் சுற்றிவந்து அவர் காதிலேயே விழுந்தது. மரப்பலகை பாவிய ஓடுதளத்தின் கடைசி வளைவில் குந்தியிருந்த இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை இன்னொரு பலகையில் வைத்தார்.

பெரியவருக்குச் சைக்கிள் கடை. அவருடைய அப்பா ஆரம்பித்தது. அந்த வீட்டிலிருந்து பந்தயத்துக்குப் போய்த் தோற்றுத் திரும்பியவர்கள் உண்டு. ஓட்டத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர் எவரும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில், அவருடைய ஒரே மகள், போன வருட இறுதிப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தவள், இந்த வளைவில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. இனிமேல் பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக்கூட அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். ஆனால் கூடப்பிறந்த தம்பி, ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில், "பிள்ளைக்கு ஓட்டத் தெரியலைன்னா ஒத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே அண்ணே" என்றதைத் தாங்க முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து வந்தவர்தான். அதற்குப் பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. 'பலகை தூக்கிவிட்டது' என்று மகள் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து அரங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். கோர்ட்டு அனுப்பித்தான் இந்த இன்ஜினியர் வந்திருக்கிறார்.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்பா," என்றாள் மகள், ஊன்றுகோலைக் கை மாற்றியபடி. "கேஸெல்லாம் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்."

"நீ சும்மா இரும்மா. உனக்காக மட்டுமா வந்திருக்கேன்? நம்ம வீட்டுப் பேரு என்னாகுறது?"

அவர் வளைவைக் கைநீட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, சுவரு மாதிரி நிக்குது. பல்லி ஏறினாலே வழுக்கும். இதுல மனுஷப் பிள்ளை எப்படி ஓட்டும்?"

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுவரு மாதிரி இருக்கிறதாலதான் ஐயா ஓட்டவே முடியுது. தட்டையா இருந்தா, அந்த வேகத்துக்கு வெளியே தூக்கி எறிஞ்சிடும். இந்தச் சாய்வுதான் தாங்கிப் பிடிக்குது."

"நேரா வந்து வளைவுக்குள்ள நுழையிறப்ப குலுங்குமே?"

"நல்ல டிராக்கான்னு பார்க்கிற இடமே அதுதான். சாய்வு திடீர்னு எழும்பக் கூடாது. ஓட்டுறவங்களுக்கே தெரியாம கொஞ்சம் கொஞ்சமா எழும்பணும். இது அப்படித்தான் எழும்புது. காலையில ரெண்டு பேரை ஓட்டவிட்டுப் பார்த்தேன்."

"பலகை இணைப்பு?"

"நகம்கூட நுழையல."

"காத்து? ஏதாவது கதவு திறந்து கிடந்து, குறுக்கே அடிச்சிருந்தா?"

"டிராக்கைப் பார்த்துக் கதவே இல்லை ஐயா. நாம அடியில இருக்கிற பாதை வழியாத்தானே உள்ளே வந்தோம்? இங்க ஒரு தாளைப் போட்டா, போட்ட இடத்துல கிடக்கும். குத்தம் இல்லைன்னுதான் நான் எழுதிக் கொடுக்க முடியும்."

பெரியவரின் முகம் இருண்டது. "அப்ப என் பொண்ணை என்ன பேயா தள்ளிவிட்டுச்சு?"

இன்ஜினியர் பெரியவரின் மகளை ஒரு பார்வை பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பவர்போலக் கைத்தூசியைத் தட்டினார்.

"இங்க தனியா வர்ற ஆளு விழணும்னா ஒரே வழிதான் இருக்கு. வேகத்தைக் குறைக்கணும். வேகம் இருக்கிற வரைக்கும் சக்கரம் பலகையை விடாது. குறைஞ்சா, சறுக்குமரத்துல விட்ட மாதிரி கீழே வந்துடும். இந்தச் சைக்கிள்ல பிரேக் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். பெடலைக் காலால எதிர்த்து அழுத்தினாத்தான் உண்டு. அதுவாக் குறையாது."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பலகை தூக்கிவிட்டுச்சுன்னு அவ சொல்றா. நாங்க பிள்ளையைப் பொய் சொல்ல விட்டு வளர்க்கலை தம்பி."

"நான் பலகையைத்தான் ஐயா விசாரிச்சேன். அது பொய் சொல்லலை," என்றார் இன்ஜினியர். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

காலடிச் சத்தம் அடங்கியது. பெரியவர் முன்வரிசை இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தார். யாரிடமும் வளையாத முதுகு அன்று வளைந்திருந்தது.

"இப்ப யாரும் இல்லை. சொல்லு. வேகத்தைக் குறைச்சியா?"

"குறைச்சேன்பா."

"அப்ப உங்க சித்தப்பன் சொன்னது நிஜம்." அவர் முன்னாலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவன் முகத்துல முழிக்காம ஒரு வருஷம் ஓட்டிட்டேன். ஒரு பாவமும் அறியாத இந்த மரத்தைக் கோர்ட்டுல ஏத்திட்டேன். பயந்துட்டேன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா?"

"பயப்படலைப்பா."

"பின்னே?"

அவள் அவர் பிடித்திருந்த கம்பியைப் பார்த்தாள்.

"கடைசிச் சுத்துல, இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, 'மெதுவாப் போம்மா, மெதுவா'ன்னு கத்தினீங்களேப்பா," என்றாள். "உங்க பேச்சை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?"