மோட்டாரில் உப்புக் கறை

“அங்க இன்னொரு பொட்டு இருக்கு பாருங்க. மூடிக்குக் கீழ, வலது பக்கம்.”

மெரெசெய்னி காட்டிய இடத்தில், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியை வைத்து அழுத்தினார் அபிசாய். கடல் தண்ணீர் தெறித்துக் காய்ந்திருந்த வெள்ளைப் புள்ளி மெல்லக் கரைந்தது.

நாற்பது குதிரைத் திறன் கொண்ட படகு மோட்டார் அது. படகிலிருந்து கழற்றி, மணலில் நட்ட மரத்தாங்கியில் மாட்டி, விடிந்ததிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்மூடி முகம் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. கீழே புகை வெளியேறும் இடத்தில் படிந்த எண்ணெய்க் கறைதான் போவேனா என்று அடம்பிடித்தது.

“இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்துங்களேன்.”

“ரொம்ப ஊத்தினா பெயின்ட் மங்கிடும். சோப்புத் தண்ணி கொண்டா.”

“கொண்டாறேன். கப்பல் வந்துடுச்சு, சீக்கிரம் தேய்ங்க.”

அபிசாய் கடலைப் பார்த்தார். பிஜித் தலைநகர் சுவாவிலிருந்து வந்த கப்பல் பவளத்திட்டுக்கு அப்பால் நங்கூரம் போட்டுவிட்டது. இரண்டு மணி நேரம்தான் நிற்கும். அவருடைய அக்கா மகன் வத்திசோனி அதில் வருகிறான். தன் அப்பாவின் ஊருக்குப் போகிற வழியில் இங்கே தலையைக் காட்டிவிட்டுப் போவதாக நேற்றுத்தான் போன் வந்தது. அப்போது பிடித்த படபடப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

மரவள்ளிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தான் இசிகேலி. மச்சான் முறை. கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“என்ன மச்சான், மோட்டாருக்குக் கல்யாணமா?”

“உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா.”

“உனக்குப் புத்திகித்தி பிசகிடுச்சா? வர்றது அக்கா பிள்ளை. தாய்மாமன் வீட்ல அவன் கேட்டதெல்லாம் அவனுது. மாட்டேன்னு சொல்ல நம்ம சனத்துல யாருக்கு வாய் இருக்கு? போன வருஷம் என் மருமகன் வந்து பன்னிய ஓட்டிக்கிட்டுப் போனான். சிரிச்சுக்கிட்டே வழியனுப்பிட்டு, வீட்டுக்குள்ள போயி அழுதேன்.”

“தெரியும்டா.”

“தெரிஞ்சா, சேத்தை அள்ளிப் பூசு. பழைய இரும்புன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிடுவான். ஒன்பது வருஷமா எட்டிப் பாக்காதவன், வெறுங்கையோடவா திரும்புவான்?”

இசிகேலி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மோட்டார் போய்விட்டால் பவளத்திட்டைத் தாண்டிக் கடலுக்குள் போக முடியாது. திட்டுக்கு உள்ளே கிடைக்கிற மீன் பூனைக்குத்தான் காணும். இன்னொரு மோட்டார் வாங்க எத்தனை வருஷம் ஆகுமோ. எல்லாம் தெரிந்தும் மனிதர் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“வந்துட்டான்,” என்றாள் மெரெசெய்னி.

வீட்டுக்குள் வந்ததும் வத்திசோனி, கரைத்துக் குடிக்கக் கொண்டுவந்த யங்கோனா வேரை முறைப்படி மாமன் முன்னால் வைத்தான். அபிசாய் வழக்கப்படி கை தட்டி ஏற்றுக்கொண்டார். அதை இடித்துக் கரைத்து, சிரட்டை ஒரு சுற்று வந்தது. பையன் மரியாதையாகத்தான் இருந்தான். மழை எப்படி, மீன் எப்படி என்று முன்பின் தெரியாதவன்போல விசாரித்தான்.

“இந்தப் பாயை எடுத்துட்டுப் போப்பா. நானே பின்னினது.”

“வேணாம் அத்தை. கப்பல்ல இடமில்ல.”

“சேப்பங்கிழங்காவது கொஞ்சம் கட்டித் தரட்டுமா?”

“இருக்கட்டும் அத்தை.”

பாயையும் கிழங்கையும் காட்டி மோட்டாரைக் காப்பாற்றப் பார்க்கிறாள், கெட்டிக்காரிதான் என்று ஓரமாக உட்கார்ந்திருந்த இசிகேலி மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

கப்பல் ஊதியது. வத்திசோனி எழுந்தான். கரைக்குப் போகிற வழி மோட்டாரை ஒட்டித்தான். அபிசாய் பின்னாலேயே நடந்தார். பையன் மோட்டாரைப் பார்த்தான். நின்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் நான்கு எட்டு நடந்தான்.

மெரெசெய்னி புருஷனின் கையை இறுகப் பிடித்தாள்.

நான்கு எட்டு போனவன் திரும்பி வந்தான். ஈரம் காயாத மூடியை விரலால் தடவினான்.

“இது எனக்கு வேணும் மாமா. எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“உன்னுதுதாம்ப்பா,” என்று அபிசாய் இரண்டு கையையும் தட்டினார்.

கரையில் காத்திருந்த கப்பல்காரர்கள் இரண்டு பேர் மோட்டாரைத் தூக்கித் தங்கள் படகில் வைத்தார்கள். படகு பவளத்திட்டைத் தாண்டியதும் அபிசாய் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பக்கத்தில் மெரெசெய்னியும் சேர்ந்து அழுதாள்.

இசிகேலிக்கே பாவமாகிவிட்டது. “அழாத மச்சான். படிச்சுப் படிச்சுச் சொன்னேன், சேத்தைப் பூசுன்னு. கேட்டியா?”

அபிசாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி என் பழைய மோட்டாரைக் கேட்டான்டா. ரிப்பேர்னு வாய் கூசாம பொய் சொல்லிட்டு, மறுநாளே அவன் கண்ணு முன்னால ஓட்டிக்கிட்டுப் போனேன். அன்னைக்கு ஒரு வார்த்தை பேசாம கிளம்பினவன், இன்னைக்குத்தான் மறுபடி என்னை மாமனா நெனச்சு ஒண்ணு கேட்டிருக்கான்.”