ஓசிச் சவாரி

கொட்டாவி இன்றைக்கும் நூலக மேசையில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கன்னத்துக்கு அடியில் கிடந்தது, அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட வரைபடம்.

"எழுப்பட்டுமாக்கா?" என்றாள் சரிக்கா. எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்று தலையாட்டுகிற பெண் என்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

"வேண்டாம் விடு. முழிச்சா மட்டும் என்னத்தைக் கிழிக்கப் போறான்?"

"சரிக்கா."

முதுகலைப் பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. மூன்று பேர் கொண்ட குழு, எட்டு வாரம், ஓர் ஆய்வறிக்கை. தலைப்பு, ஓசிச் சவாரி. எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையில் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆராய வேண்டும். அதற்கு உதாரணம் தேடி அக்கா எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. எதிரிலேயே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ஆறு வருட வங்கி வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தவள் அக்கா. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். பாடம் எடுக்கும் பேராசிரியை, எல்லோருக்கும் மேடம், வருடத்துக்கு ஒரே ஒருவரைத்தான் முனைவர் ஆய்வுக்கு எடுப்பார். இந்தப் பாடத்தில் முதலாவதாக வருகிறவருக்கு அந்த இடம். அது தனக்குத்தான் என்று அக்கா சேர்ந்த அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

அதனால் தன் பங்கு, கொட்டாவியின் பங்கு, போதாததற்குச் சரிக்காவின் பங்கில் பாதி என்று அத்தனையையும் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

தடிப் புத்தகத்தை மூடும்முன், முதல் வகுப்பில் மேடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்த குறிப்பு உறையைப் பக்க அடையாளத்துக்குச் செருகினாள். ஓரத்தில் எத்தனை அங்குலம் விடுவது, எழுத்து எந்த அளவில் இருப்பது என்பதெல்லாம் ஆறு வருடம் அறிக்கையாக எழுதித் தள்ளியவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நாளைக்கு மேடம்கிட்ட எழுதிக் கொடுக்கப் போறேன். அட்டையில இவன் பேர் வரக்கூடாது."

"சரிக்கா."

கொட்டாவி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "எனக்குன்னு எதையாவது மிச்சம் வெச்சாத்தானே அக்கா நான் செய்வேன்" என்றான். பிறகு அடுத்த கன்னத்தை வரைபடத்தில் வைத்துக்கொண்டான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை எல்லோருடைய அறிக்கைகளையும் வாங்கி அடுக்கி வைத்துவிட்டு மேடம் நிமிர்ந்தார்.

"இதையெல்லாம் அப்புறம் படிக்கறேன். முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஒவ்வொரு குழுவிலயும் ஒருத்தரை, எட்டு வாரமும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாம சும்மா இருக்கணும்னு ரகசியமா சொல்லி வெச்சிருந்தேன். மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாக்கத்தான்."

மேடம் ஒரு பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார்.

"சொன்னபடி சும்மா இருந்தவங்களுக்கு முழு மார்க். மனசு கேக்காம வேலை செஞ்சவங்களுக்கு சைபர். அவங்க என் பரிசோதனையையே கெடுத்துட்டாங்க."

அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பையனை எத்தனை பேச்சுப் பேசிவிட்டாள். புகார்க் கடிதத்தை மேசைக்கு அடியிலேயே நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கொட்டாவி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். விஷயம் வெளியே வந்த பிறகும் வேஷத்தைக் கலைக்காமல் இருக்கிறானே, கெட்டிக்காரன்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

வகுப்பு கலைந்ததும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடத்தின் மேசைக்குப் போனாள்.

"மேடம், எங்க குழுப் பையனுக்குத் தாராளமா முழு மார்க் போடலாம். ஒரு வரிகூட எழுதல. எட்டு வாரமும் அசல் தூக்கம் மாதிரியே தூங்கினான். நான்தான் புரிஞ்சுக்காம கண்டபடி திட்டிட்டேன். அவன் வேலையையும் சேர்த்து நானே செஞ்சேன்."

மேடம் பட்டியலில் விரலை ஓட்டினார். "அவனை நான் சும்மா இருக்கச் சொல்லலையே."

"அப்போ அந்தப் பொண்ணா மேடம்?"

"அவளும் இல்லம்மா."

மேடத்தின் பார்வை அக்காவின் கையிலிருந்த புத்தகத்தில் போய் நின்றது. நடுப்பக்கத்திலிருந்து ஒரு பழுப்பு உறை, ஒட்டினது ஒட்டினபடியே, தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அதை நீ இன்னும் பிரிக்கவே இல்லையா?"