வாரேனுங்க

மில்லில் மூட்டை தூக்கும் நல்லசிவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. அன்றைக்குப் பார்த்துத்தான் மலையில் எவனாவது மாட்டிக்கொள்வான். இந்த வாரம் ஆர்.எஸ்.புரத்துப் பையன் சபரீஷ். போட்டோ எடுக்கத் தனியாக ஏறி, பாறை இடுக்கில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு, இருக்கும் இடத்தை நண்பனுக்குப் போனில் அனுப்பியிருந்தான். மீட்புக் குழுவில் அன்று வந்தது நல்லசிவமும் ரசாக்கும் மட்டும்தான். இருட்டுவதற்குள் அவனை இறக்கியாக வேண்டும்.

ஏறும் வழியெல்லாம் மேலேயிருந்து, “ஏனுங்க, வாரீங்களா?” என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

“வாரேனுங்க, வாரேனுங்க” என்று சொல்லிச் சொல்லி நல்லசிவத்துக்கு வாய் வலித்தது.

“கால் ஒடிஞ்சவனுக்குத் தொண்டை மட்டும் நல்லாத்தான் இருக்குது, பாருங்க பாய்” என்று ரசாக்கிடம் முனகினார்.

கிட்டே போனால் பையன் உதடு வெடித்துக் கிடந்தான். தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சே வந்தது.

“நான் கூப்பிடலீங்கண்ணா. காலையிலிருந்து குரலே எழும்பலீங்க.”

“ஏனுங்க, வாரீங்களா?”

குரல் இன்னும் மேலே, ஆள் ஏற முடியாத செங்குத்துப் பாறையிலிருந்து வந்தது. கயிறு கட்டிக்கொண்டிருந்த ரசாக் நிறுத்தினார்.

“வாரேன்னு சொல்லிப்போட்டீங்களே, நல்லசிவம்.”

“கூப்பிட்டா வேற என்னத்தச் சொல்றது?” நல்லசிவம் எரிச்சலோடு மேலே பார்த்தார். “ஒருத்தரத்தானுங்க தூக்க முடியும். இன்னைக்கு வரலீங்க.”

பையனை முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். பத்தடி இறங்கியதும் மேலேயிருந்து குரல் கோபமில்லாமல் சொன்னது.

“பரவாயில்லீங்க. நீங்க சிரமப்படாதீங்க. நானே வாரேனுங்க.”

மேலிருந்து சரளைக்கல் கொஞ்சம் உருண்டது. ஓர் எட்டு எடுத்து வைக்கும் நேரம் கழித்து, மறுபடி உருண்டது.